அடைச்சவங்க தோத்தாங்க

வின்னி சிஸ்டரை எனக்குப் பிடிக்காமல் போனதற்கு, அவள் என் வீட்டுக்காரரோடு சிரித்துப் பேசியது காரணமில்லை. சிரித்திருந்தால் பொறுத்துக்கொண்டிருப்பேன். அவள் அவரோடு சண்டை போட்டாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

இதைக் கேட்டு எங்கள் லைனில், சுரங்கத்துக்காரர்களின் வரிசை வீடுகளில், சிரிக்காதவர்கள் இல்லை. நீங்களும் சிரிப்பதானால் முழுசாகக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

என் வீட்டுக்காரர் அசோகன் தங்கச் சுரங்கத்தில் டிம்பர்மேன். பாறை சரியாமல் மரம் வைத்து முட்டுக் கொடுக்கிற வேலை. அறுபத்தாறாம் வருஷம் ஒரு நாள், காலை ஷிஃப்டில், அவர் இறங்கியிருந்த ஆழத்து லெவலில் ஏர் பிளாஸ்ட் ஆனது. ஆழத்தில் பாறை தானாக வெடிப்பதை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். மாரிகுப்பம் லைனில் எங்கள் வீட்டு அலமாரியில் தம்ளர்கள் நடுங்கின. பெண்கள் எல்லாரும் வாசலுக்கு வந்து சுரங்க வாயான ஷாஃப்ட் இருக்கிற திசையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். மதியம் அவரைக் கேஜ் லிஃப்டில் மேலே கொண்டுவந்தார்கள். உயிர் இருந்தது. இடது கால் முட்டிக்குக் கீழே நொறுங்கியிருந்தது.

ஏழு வாரம் ஆஸ்பத்திரி. தினமும் நாலு மணிக்குப் பார்க்க விடுவார்கள். படுத்தே கிடக்கிறாரே, பொழுது போகட்டும் என்று இரண்டாவது வாரம் நானேதான் செஸ் பலகையையும் காய்களையும் பையில் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அதற்கு அடுத்த வாரம் ரசம் தூக்கோடு வார்டுக்குள் நுழைகிறேன், அவர் கத்துகிற சத்தம் வராந்தா வரைக்கும் கேட்கிறது. காலுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று ஓடினேன். கட்டிலில் பலகை விரித்திருந்தது. பக்கத்தில் ஒரு நர்ஸ், முப்பத்தைந்து வயதிருக்கும், நல்ல உயரம், ஒரு கையில் மருந்துத் தட்டு, இன்னொரு கையில் தன்னுடைய யானைக் காய். அவள்தான் வின்னி.

"பொய் ஆட்டம் ஆடாதீங்க சிஸ்டர்! கைய வெச்சிட்டீங்க, அதத்தான் ஆடணும்!"

"யார் பொய் ஆட்டம்? நானா? நேத்து குதிரைய எட்டாவது கட்டத்துக்கு தாவ வுட்டது யாரு மேன்?"

அவர் முகம் சிவந்திருந்தது. கழுத்து நரம்பு புடைத்திருந்தது. அப்போதுதான் என்னைப் பார்த்தார். உடனே குரல் இறங்கிவிட்டது.

"வா கண்மணி. இன்னாத்துக்கு இந்த வெயில்ல நடந்து வந்த?"

அந்தக் குரல் எனக்குப் பிடிக்கவில்லை. ஏன் என்று சொல்கிறேன். கல்யாணமாகி ஆறு வருஷத்தில் அவர் என்னை 'டீ' போடாமல் கூப்பிட்டதே கிடையாது. கோபம் வந்தால் நானும் 'யோவ்' என்றுதான் ஆரம்பிப்பேன். எங்களுக்குள் சண்டை என்றால் பெரும்பாலும் செஸ்தான். கல்யாணமான புதிதில் நைட் ஷிஃப்ட் முடித்து வந்து தூங்கி எழுந்தால் அவருக்கு ஆட ஆள் கிடைக்காது. எல்லாரும் வேலைக்குப் போயிருப்பார்கள். அதனால் எனக்குச் சொல்லிக்கொடுத்தார். சொல்லிக்கொடுத்த ஒரு மாதத்தில் அவருக்கே வருத்தம் வந்துவிட்டது, நான் அவ்வளவு வாயாடினேன். ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு முடிந்ததும் பலகை விரிப்போம். அரை மணியில் சுவருக்கு அந்தப் பக்கம் பழனியம்மா, "ஆட்றீங்களா, கொல பண்றீங்களா?" என்று கேட்பாள். அந்தச் சண்டைதான் எங்கள் குடித்தனம். வேறு கொஞ்சல் எங்களுக்குத் தெரியாது.

இப்போது அந்தக் கத்தல் வேறொருத்திக்குக் கிடைத்திருந்தது. எனக்கு வெயிலைப் பற்றிய விசாரிப்பு.

வின்னியோடு அவர் போட்ட பெரிய சண்டை ஒரு சட்டத்தைப் பற்றியது. எங்கள் லைன் செஸ்ஸில் ஒரு வழக்கம் உண்டு. எதிராளியின் ராஜாவுக்குச் செக் இல்லை. ஆனால் எந்தக் கட்டத்துக்கு நகர்ந்தாலும் செக். நகர்த்த வேறு காயும் இல்லை. ஒருவனை இப்படி அடைத்துவிட்டால், அடைத்தவன் தோற்றான், அடைபட்டவன் ஜெயித்தான். அடைத்தவனிடம் எத்தனை காய் மிச்சமிருந்தாலும் சரி. யார் வைத்த சட்டம் என்று தெரியாது. ஆண்டர்சன்பேட்டை பஜாரில் சீனிவாசன் மளிகைக்கடையில் ஆடுகிறவர்கள் இதற்கு நேர்மாறாக, அடைபட்டவன்தான் தோற்றான் என்பார்கள். எங்கள் ஆட்கள் அதை ஒத்துக்கொள்ளவே மாட்டார்கள். பூமிக்குள் இறங்கி வேலை செய்கிறவனிடம் போய், மனுஷனை நாலு பக்கமும் அடைத்துப் போட்டதற்கு ஜெயிப்பு என்று சொன்னால் கேட்பானா? அடிப்பதானால் நேராகச் செக் சொல்லி அடி, இல்லாவிட்டால் வழியை விடு என்பார்கள்.

அதனால் எங்கள் லைனில் தோற்கப்போகிறவன் ஒரு வேலை செய்வான். மிச்சமிருக்கிற காய்களையெல்லாம் ஒவ்வொன்றாக வெட்டக் கொடுத்துவிட்டு, ராஜாவை மூலைக்கு ஓட்டிக்கொண்டு போய், அடைபடுவதற்காகக் காத்திருப்பான். நான் அதில் கெட்டிக்காரி. என் வீட்டுக்காரரே பலமுறை ஏமாந்திருக்கிறார்.

வின்னி ஒரு அச்சடித்த இங்கிலீஷ் புத்தகத்தைக் கொண்டுவந்து காட்டியிருக்கிறாள். உலகம் முழுக்க அது ட்ராவாம். யாருக்கும் ஜெயிப்பும் இல்லை, தோல்வியும் இல்லை. அதுக்குப் பேர் ஸ்டேல்மேட்டாம். இவர் பத்து நாள் மல்லுக்கு நின்றார். வார்டில் ராஜப்பா என்று ஒரு கிழவர் பக்கத்துக் கட்டிலில் இருந்தார். "உன் வூட்டுக்காரனும் நர்ஸம்மாவும் போடற சண்டையில எனுக்குப் பாதி நோவு மறந்து பூட்ச்சி" என்று என்னிடமே சொன்னார். சந்தோஷமாகச் சொன்னார் மனுஷன். எனக்குத் தூக்கை அவர் தலையில் கவிழ்க்கலாம் போலிருந்தது.

ஏழு வாரம் முடிந்து அவரை வீட்டுக்கு அழைத்து வந்தேன். இரண்டு அக்குள் கட்டை கொடுத்து அனுப்பினார்கள். கால் தேறினால் மேலேயே, இறங்குகிறவர்களுக்கு விளக்குக் கொடுக்கிற லாம்ப் ரூமில் வேலை தருவதாகச் சொன்னார்கள்.

நான் அவரைப் பார்த்துக்கொண்ட மாதிரி அந்த லைனில் யாரும் யாரையும் பார்த்துக்கொண்டதில்லை. இதை நான் சொல்லவில்லை, லைனே சொன்னது. காலையில் பல் விளக்கத் தண்ணீர் வாசலுக்கே வரும். குளிக்க ஸ்டூல் போட்டு முதுகு தேய்த்து விடுவேன். லைன் கோடியில் இருக்கிற கக்கூஸுக்குத் தோளில் சாய்த்துக்கொண்டு போய், வெளியே நின்று, திரும்ப அழைத்து வருவேன். கட்டையை எடுக்க அவர் கை நீளுவதற்கு முன்னால் என் கை நீண்டிருக்கும். "கண்மணி மாரி பொண்டாட்டி கெடைக்கணும்" என்று எதிர் வீட்டு யசோதா தன் மருமகளுக்குக் கேட்கிற மாதிரி உரக்கச் சொல்வாள். எனக்கு அதெல்லாம் இனிப்பாகத்தான் இருந்தது.

அவர் எல்லாவற்றுக்கும் 'சரி' என்றார். சாம்பாரில் உப்பு கூடிப்போனால் சரி. சட்டையை மாற்றிக் கொடுத்தால் சரி. ஒரு நாள் வேண்டுமென்றே காபியில் சர்க்கரை போடாமல் கொடுத்தேன். குடித்துவிட்டுத் தம்ளரை நீட்டினார். "நல்லா கீதும்மா" என்றார். 'ம்மா' என்றார்! பின்கட்டுக்குப் போய் அழுதேன்.

முதல் ஞாயிறு நானே பலகை விரித்தேன். என் கவனம் ஆட்டத்தில் இல்லை, அவர் வாயில்தான். வம்புக்கு இழுக்க இரண்டு முறை காயைத் தொட்டுவிட்டு வேறொன்றை நகர்த்தினேன். அவர் தன் காயை நகர்த்தினார். கடைசியில் கை தவறி அவர் ராஜாவை நான் அடைத்துவிட்டேன்.

"ஜெயிச்சிட்டீங்க" என்றேன்.

"இல்ல கண்மணி. இது ட்ரா. புஸ்தகத்துல அப்டித்தான் போட்டு கீது."

எனக்கு ஜிவ்வென்று கோபம் ஏறியது. என் வீட்டில், என் பலகையில், எங்கள் இரண்டு பேர் நடுவில் அவள் சட்டம் வந்து உட்கார்ந்துகொண்டது. "எந்தப் புஸ்தகம்? அந்த நர்ஸு புஸ்தகமா? நம்ம லைன்ல அடைச்சவங்க தோத்தாங்க!" என்று கத்தினேன். இனி பதிலுக்குக் கத்துவார் என்று காத்திருந்தேன்.

"சரி, நீ சொன்னா சரி" என்று காய்களைப் பெட்டியில் போட்டார்.

அடுத்த ஞாயிறு வின்னி வந்தாள். சர்ச் முடிந்து, பூப்போட்ட கவுனில், சைக்கிளில், காலைப் பார்க்கிற சாக்கில். பேண்டேஜை அவிழ்த்துப் பார்த்தாள், விரலை அமுக்கினாள், "நடக்கறியா, இல்ல மகாராஜா மாதிரி ஒக்காந்தே கீறியா?" என்று கேட்டாள். பிறகு பலகை. பிறகு ஒரே ரகளை. நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். "மண்ட கீதா உனுக்கு?" "உங்க மண்டைய மொதல்ல பாத்துக்குங்க சிஸ்டர்!" இப்படி. டீ போட்டுக் கொண்டுபோய் வைத்தால், "தேங்க்ஸ் கண்மணி" என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் மரியாதையாகச் சொன்னார்கள். விருந்தாளி நானா அவளா என்று எனக்கே சந்தேகம் வந்தது.

இப்படி எட்டு ஞாயிறு. லைனில் கண்ட மாதிரி பேச ஆரம்பித்தார்கள். அவர்கள் நினைத்த மாதிரி ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரியும். அப்படி எதுவாவது இருந்திருந்தால் தலைமுடியைப் பிடித்து இழுத்துத் தெருவில் விட்டிருப்பேன், விஷயம் முடிந்திருக்கும். இதற்கு யாரிடம் போய் என்னவென்று சொல்வது? 'ஐயா, என் புருஷன் இன்னொருத்தியோடு சண்டை போடுகிறார், என்னோடு போட மாட்டேன் என்கிறார்' என்றா? எனக்குத் தூக்கம் போனது. சோறு இறங்கவில்லை. அவளுடைய பெரிய கையைப் பார்த்தால்கூட எரிந்தது.

ஒன்பதாவது ஞாயிறு அவள் சைக்கிளை நிறுத்தும்போதே நான் பலகைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன்.

"இன்னிக்கி என்கூட ஆடுங்க சிஸ்டர்" என்றேன்.

வின்னி அவரைப் பார்த்தாள். அவர் தோளைக் குலுக்கினார். "ஓ, வித் ப்ளெஷர்" என்று எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். எந்தச் சட்டம் என்று அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

நன்றாகவே ஆடினாள், பொய் சொல்லக் கூடாது. முக்கால் மணியில் என் ராணி போனது, ஒரு யானை போனது. அவர் நடுவில் உட்கார்ந்து அவளுடைய ஆட்டத்துக்குத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தார். "அந்த மந்திரிய அங்க வெப்பாங்களா?" "நீ வாய மூடு மேன்." என் ஆட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நான் மோசமாக நகர்த்தினால், "பரவால்ல, பரவால்ல" என்றார். அந்தப் 'பரவால்ல'வைக் கேட்கக் கேட்க எனக்கு வெறி வந்தது. லைன் ஆட்டம் ஆட ஆரம்பித்தேன். யானையைக் கொடுத்தேன். குதிரையைக் கொடுத்தேன். சிப்பாய்களை ஒவ்வொன்றாகக் கொடுத்தேன். வின்னி என்னை வினோதமாகப் பார்த்தாள், ஆனால் கொடுத்ததையெல்லாம் வெட்டினாள். கடைசியில் என்னிடம் ராஜா மட்டும், மூலையில். அவளிடம் ராணி, யானை, ஐந்து சிப்பாய்.

"ராணிய அங்க கொண்டாராதீங்க, யானைய எறக்குங்க" என்றார் அவர்.

"உன்ன யாரும் கேக்கல!"

"சொன்னா கேக்கணும் சிஸ்டர்!"

"கேக்க மாட்டேன்!" என்று அவரை முறைத்துக்கொண்டே ராணியைத் தூக்கி என் ராஜாவுக்குப் பக்கத்தில், குதிரை தாவுகிற தூரத்தில், டொக்கென்று வைத்தாள்.

நான் இரண்டு முறை பார்த்தேன். செக் இல்லை. போக இடமும் இல்லை.

"அடைச்சிட்டீங்க! நான் ஜெயிச்சிட்டேன்!"

வின்னி குனிந்து பார்த்தாள். நெற்றியில் அடித்துக்கொண்டாள். "ஐயோ, கத்திக் கத்தியே கெடுத்தான்! ஓகே. ட்ரா."

"உங்க புஸ்தகத்துல ட்ரா. இது எங்க லைன். நான் ஜெயிச்சேன்."

"சொல்லு மேன்" என்று அவரிடம் திரும்பினாள். நானும் திரும்பினேன்.

அவர் என்ன சொல்லப்போகிறார் என்பதில்தான் எனக்கு எல்லாமே இருந்தது. ட்ரா என்று என் முகத்துக்கு நேரே அடித்துச் சொன்னால் விழுந்து புரண்டு சண்டை போடத் தயாராக இருந்தேன். அதற்காகத்தான் அன்றைக்கு ஆடவே உட்கார்ந்தேன்.

அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். வீடு தேடி வந்தவர்களைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு.

"கண்மணி ஜெயிச்சா" என்றார். "அவ சொல்றதுதான் சரி."

எட்டு ஞாயிறாக வின்னியோடு புத்தகச் சட்டப்படியே ஆடிக்கொண்டிருந்தவர் அவர். எனக்குத் தெரியாதா?

"இல்லீங்க. ட்ராதான்" என்றேன்.

"சரி, ட்ராவே இருக்கட்டும். உனக்கு எது தோணுதோ."

வின்னி பலகையைத் தள்ளிவிட்டாள். "இன்னா மேன் நீ! அவ ஜெயிச்சாளா இல்லியா? வாயில கொழுக்கட்டையா? என்கிட்ட மட்டும் தொண்ட கிழியக் கத்துற, அவகிட்ட ஏன் தலையாட்டுற?"

"சிஸ்டர், இது எங்க வூட்டு விஷயம். நீங்க தலையிடாதீங்க!"

"தலையிடுவேன்! இன்னா பண்ணுவ?"

"மொதல்ல அந்த ராணிய அங்க வெச்சதுக்கு வெக்கப்படுங்க!"

பார்த்தீர்களா? என் ஆட்டம், என் ஜெயிப்பு, என் மானம். அதற்கும் அவர்கள் இரண்டு பேர்தான் சண்டை போட்டுக்கொண்டார்கள். நான் கையில் ராஜாவோடு வேடிக்கை பார்த்தேன்.

"வின்னி! நிறுத்து" என்றேன். சிஸ்டர் என்று சொல்லாமல் அவளைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "அது நான் கேக்க வேண்டிய கேள்வி. யோவ், என்னப் பாரு. நான் ஜெயிச்சனா?"

"வுடு கண்மணி..."

"சொல்லுய்யா!"

"ஜெயிக்கலடி!" என்று கத்தினார். அடுப்படியில் இருந்த பூனை வெளியே ஓடியது. "நீ எங்கடி ஜெயிச்ச? ராணியத் தூக்கிக் குடுத்துட்டு மூலையில போய் ஒக்காந்துகினா ஜெயிப்பா? ட்ராடி! ஒலகம் முழுக்க ட்ரா! போதுமா? இதத்தான கேக்கணும் உனுக்கு? ரெண்டு மாசமா எனுக்குத் தண்ணி ஊத்துற, துணி மாத்துற, கக்கூஸுக்குக் கூட்டிகினு போய் வெளியில நிக்கிற. உன்கிட்ட நான் எந்த வாயால சண்ட போடுவேன்? எந்தப் பக்கம் திரும்பினாலும் நீ நிக்கிற. கட்டைய எடுக்கலாம்னு நெனச்சா கட்டை கையில கீது. எனுக்குன்னு நகர ஒரு எடம் வுட்டியாடி நீ?"

முதலில் என் காதில் விழுந்தது அந்த 'டீ' மட்டும்தான். எத்தனை தடவை என்று எண்ணாத குறை. ஒரு நிமிஷம் உடம்பெல்லாம் குளிர்ந்தது. அப்புறம்தான் மற்றதெல்லாம் உள்ளே இறங்கியது. இறங்கியதும் உட்கார்ந்த இடத்திலிருந்து என்னால் அசைய முடியவில்லை.

வின்னி என் பக்கம் பார்க்காமல் செருப்பைத் தேடினாள். அவள் முகத்தில் ஆச்சரியமே இல்லை. அவளுக்கு இது முன்பே தெரிந்திருந்தது. ஆறு வருஷம் குடித்தனம் நடத்திய எனக்குத் தெரியாதது, ஞாயிற்றுக்கிழமை வந்து காலை அமுக்கிப் பார்த்துவிட்டுப் போகிறவளுக்குத் தெரிந்திருந்தது. அதை நான் இன்று வரைக்கும் மன்னிக்கவில்லை.

"நான் கெளம்பறேன்" என்றாள்.

"இருங்க. ரோடு வரைக்கும் நான் வரேன்" என்றார் அவர்.

அடிபட்டதிலிருந்து, மூன்றாவது வாசலுக்கு அப்பால் அவர் நான் இல்லாமல் போனதில்லை. ரோடு முப்பதாவது வாசலுக்குப் பிறகு. கட்டைகள் சுவரோரம் சாய்ந்திருந்தன. என் கை தானாக நீண்டது. இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அவர் தவழ்கிற மாதிரி நகர்ந்து போய் ஒன்றைப் பிடித்தார். மற்றது சரிந்து கீழே விழுந்தது. அதை எடுத்து, சுவரைப் பிடித்து எழுந்து நிற்க அவருக்கு எவ்வளவு நேரம் ஆனது என்று சொல்ல மாட்டேன். நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

போனார்கள். அவள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, அவர் கட்டையை ஊன்றிக்கொண்டு. அந்த ராணியைப் பற்றி வழியெல்லாம் வாக்குவாதம். லைனே வாசலுக்கு வந்து பார்த்தது. நானும் வாசலில் வந்து நின்றேன்.

"இன்னாடி, தனியா வுட்டுட்ட? வுழுந்துடப் போறாரு" என்றாள் பழனியம்மா.

"வுழட்டும்" என்றேன்.

பன்னிரண்டாவது வாசல் பக்கம், சாக்கடை மூடியில் கட்டை வழுக்கி அவர் தடுமாறினார். ஒரு பக்கமாகச் சாய்ந்தே போய்விட்டார். வின்னி பக்கத்தில்தான் இருந்தாள், கை நீட்டினால் எட்டும். அவள் நீட்டவில்லை. நிற்கக்கூட இல்லை. ஏதோ சொல்லிக்கொண்டே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தாள். அவர் தானாக நிமிர்ந்து, வேகமாக இரண்டு எட்டு வைத்து அவளைப் பிடித்து, பதிலுக்குக் கத்தினார்.

அந்தக் கையை அவள் நீட்டவில்லையே என்று எனக்கு வந்த பொறாமை மாதிரி ஒரு பொறாமை அதற்கு முன்னாலும் வந்ததில்லை, பின்னாலும் வந்ததில்லை. அவர் தடுமாறும்போதும் கை நீட்டாமல் அவளால் நடக்க முடிந்தது. நான் கதவு நிலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன்.